ஓசி மேட்ச்சும் 299 ரூபாய் ரீசார்ஜும்: வேலூர்த் தெருவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஏப்ரல். சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகப் போகும் ரீசார்ஜ் கடை. சென்னை அணி ஆடிக்கொண்டிருந்த இரவு. கடைக்காரர் தன் போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்துப் பழக்கடைப் பையன், ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர், நான் என எல்லோர் கண்ணும் அந்தச் சின்னத் திரையில்தான் இருந்தது. அப்போது வந்த ஒரு பெரியவர், "தம்பி, ஹாட்ஸ்டார் வர்ற மாதிரி ஒரு பிளான் போடுப்பா, பேரன் மேட்ச் பாக்கணும்னு அழுவுறான்" என்றார். கடைக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "துட்டு எதுக்கு மாமா? மேட்ச்சு இப்போ அதுல வர்றதில்ல. ஜியோசினிமா ஏத்திக்க, ஓசிலயே ஓடுது."

பெரியவர் பையிலிருந்து எடுத்த பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் கல்லூரியில் வணிகவியல் எடுப்பவன். போட்டி உத்தி என்ற பாடத்துக்கு வருடாவருடம் நெட்ஃபிளிக்ஸ் எப்படித் தபாலில் டிவிடி அனுப்பித் தொடங்கியது, 2007இல் எப்படி இணைய வழிக்கு மாறியது, வாடகைக் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டர் 2010இல் எப்படித் திவாலானது என்றுதான் சொல்லிவந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அப்படியே கொட்டுவார்கள். அவர்கள் யாரும் டிவிடி வாடகைக்கு எடுத்தவர்கள் கிடையாது. அன்றைக்கு ரீசார்ஜ் கடையில் கண்டது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அடுத்த பருவத்தில் பாடத்தை மாற்றினேன். வகுப்பில் நான்கு முறை பேசித் திருத்திய அந்தப் பாடத்தின் எழுத்து வடிவம் இது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் வழியே படமும் மேட்ச்சும் காட்டும் செயலிகளின், அதாவது ஓடிடியின், போட்டியில் எல்லோரும் படத்தையும் தொடரையும் கிரிக்கெட்டையும் பற்றியே பேசுகிறோம். நம் ஊரில் ஜெயித்தவரைத் தீர்மானித்தது வசூல். மாதாமாதம் வாடிக்கையாளர் எந்தக் கையில் பணம் கொடுத்துப் பழகியிருக்கிறாரோ, கடைசியில் எல்லாம் அந்தக் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஏலம்

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சுற்று வட்டாரமே திரண்டு நிற்கும். இதுபோன்ற திருவிழாக்களில் கடை போட இடம் பிடிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கூட்டம் அம்மனுக்காக வருகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடம் அடுத்த வருஷம் வேறொருவர் கைக்குப் போனால் கூட்டம் அதே இடத்தில்தான் நிற்கும். பழைய கடைக்காரரைத் தேடி எவரும் வேறு தெருவுக்குப் போக மாட்டார்கள்.

ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை இந்த மாதிரி இடம்தான். 2017 செப்டம்பரில் ஸ்டார் இந்தியா 2018 முதல் 2022 வரையிலான ஐந்து வருடங்களுக்கு டிவி, டிஜிட்டல் எல்லாவற்றையும் சேர்த்து 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்தியாவின் டிஜிட்டல் உரிமைக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி வரை கேட்டது. தனித்தனியாகக் கேட்டவர்களின் தொகைகளைக் கூட்டினாலும் ஸ்டாரின் மொத்தத் தொகையை எட்டவில்லை, அதனால் ஸ்டாருக்கே போயிற்று.

நேரமும் ஸ்டாருக்குக் கூடி வந்தது. ஸ்டாரின் செயலியான ஹாட்ஸ்டார் தொடங்கியது 2015 பிப்ரவரி. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து டேட்டாவின் விலையைத் தரையில் இறக்கியது. அதற்கு முன் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்துப் பிழைத்தவர்கள் நாம். பிறகு அதை ஒரே நாளில் தீர்க்கப் பழகினோம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியபோது ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் இருந்தார்கள். உலகத்தில் வேறு எந்த நிறுவனமும் அதுவரை அப்படி ஒரு கூட்டத்தைத் தாங்கியதில்லை.

அடுத்த வருடம், ஸ்டார் அமெரிக்க நிறுவனமான டிஸ்னி கைக்குப் போன பிறகு, ஐபிஎல் பார்க்கக் காசு கட்ட வேண்டும் என்று ஆனது. வருஷத்துக்கு 399 ரூபாய். வேலூரில் எத்தனை பேர் கார்டு போட்டு நேரடியாகக் கட்டினார்கள்? என் வகுப்பில் கேட்டபோது கைகள் அதிகம் எழவில்லை. "ரீசார்ஜோட வந்துச்சு சார்" என்றுதான் சொன்னார்கள். ஜியோவும் ஏர்டெல்லும் தங்கள் ப்ரீபெய்டு திட்டங்களில் ஹாட்ஸ்டாரைச் சேர்த்து விற்றன. ஹாட்ஸ்டார் தன்னுடையது என்று எண்ணிய சந்தாதாரர்களில் கணிசமானவர்கள் வேறொருவர் கவுண்டரில் நின்று வாங்கியவர்கள். இந்த நிகழ்வின் மையப்புள்ளி இதுதான் என்று நினைக்கிறேன். மாணவர்களிடம் இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் சரக்கு முழுவதையும் ஒரே மளிகைக்கடைக்காரர் விற்றுக்கொடுக்கிறார், நாளைக்கு அவரே அதே சரக்கைச் செய்யத் தொடங்கினால்?

2022 ஜூனில் அது நடந்தது. 2023 முதல் 2027 வரைக்கான ஏலத்தில் இந்த முறை டிவியும் டிஜிட்டலும் தனித்தனி. டிவி உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. டிஜிட்டல் உரிமை 20,500 கோடிக்கு, ஜியோவின் தாய் நிறுவனமான ரிலையன்ஸின் வயாகாம்18 கையில் விழுந்தது. எல்லா உரிமைகளும் சேர்ந்து 48,390 கோடி. மொத்தம் 410 ஆட்டங்கள் என்று கணக்கு. ஆக, ஒரு ஆட்டத்தை போனில் காட்டும் உரிமைக்கு மட்டும் 50 கோடி. வயாகாம்18இல் அப்போது பணம் போட முன்வந்திருந்த போதி ட்ரீ நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர் உதய் சங்கர். ஸ்டார் இந்தியாவின் தலைவராக இருந்து ஹாட்ஸ்டாரை வளர்த்தவர் அவர்தான். தான் கட்டிய கடையின் கணக்குவழக்கு முழுவதும் தெரிந்த ஒருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

டிஸ்னி ஏன் விட்டது?

"டிஸ்னி முட்டாள்தனம் பண்ணிடுச்சு" என்று பல மாணவர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பேனாவை எடுத்துக் கணக்குப் போடச் சொல்வேன்.

2022 அக்டோபர் தொடக்கத்தில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாருக்கு 6.13 கோடிச் சந்தாதாரர்கள். அந்தக் காலத்தில் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்குக் கிடைத்தது சராசரியாக 60 சென்ட் அளவு, நம் காசில் சுமார் 50 ரூபாய். அமெரிக்காவில் அதே டிஸ்னிக்கு ஒரு ஆளிடமிருந்து 6 டாலருக்கு மேல் வந்தது. 6.13 கோடியை 50 ரூபாயால் பெருக்கி, பன்னிரண்டு மாதங்களுக்குப் பாருங்கள்: வருடத்துக்கு 3,678 கோடி. ஐபிஎல் டிஜிட்டல் உரிமையின் விலையோ வருடத்துக்கு 4,100 கோடி. அத்தனை பேரின் முழு வருடச் சந்தாவையும் கொட்டினாலும் இரண்டு மாதக் கிரிக்கெட்டுக்குக் காணாது. விளம்பர வருமானத்தைச் சேர்த்தாலும் சர்வர், ஆள், மற்ற நிகழ்ச்சிகள் என்று செலவு வரிசையில் நிற்கிறது. ஓடிடியை மட்டும் தொழிலாக நடத்தும் ஒருவருக்கு அந்த விலை கட்டவே கட்டாது.

அப்படியானால் ரிலையன்ஸுக்கு எப்படிக் கட்டியது? இதற்கு ஆம்பூர் பிரியாணிக் கடைக்குப் போக வேண்டும். பிரியாணியோடு கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் இலையில் வந்து விழும், தனிக் காசு கிடையாது. கத்திரிக்காய் தீர்ந்தால் கேட்டதும் இன்னொரு கரண்டி வைப்பார்கள். அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் கத்திரிக்காய் மட்டும் விற்கிறேன் என்று கடை போட்டால் என்ன ஆகும்? அவர் கத்திரிக்காய் எவ்வளவு ருசியாக இருந்தாலும், பக்கத்து இலையில் அது சும்மா கிடைக்கிறது. ஜியோவுக்குப் பிரியாணி டேட்டா. மேட்ச், கத்திரிக்காய்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். 2023 ஐபிஎல் முழுவதும் வயாகாம்18இன் செயலியான ஜியோசினிமா ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது. தமிழ் உட்படப் பன்னிரண்டு மொழிகளில் வர்ணனை. நான் சொன்ன ரீசார்ஜ் கடையில் இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு ஒரு சின்னக் கூட்டம் சேரும். இரண்டாவது அணி ஆடத் தொடங்கி ஆட்டம் சூடு பிடிக்கும்போது அன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்திருக்கும். படம் வட்டமடித்து நிற்கும். ஓடி வருவார்கள். "அண்ணா, பதினஞ்சு ரூவா போடுண்ணா, சீக்கிரம்!" ஒரு ஜிபி பூஸ்டர் அப்போது 15 ரூபாய். கடைக்காரர் கட்டைவிரலால் நம்பரைத் தட்டுவார், மெசேஜ் வந்த சத்தம் கேட்டதும் பையன் திரும்பி ஓடுவான். ஓசி மேட்ச்சுக்கான டிக்கெட் அந்தப் பதினைந்து ரூபாய்தான்.

ஹாட்ஸ்டாரின் கதி என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெச்பிஓ தொடர்களின் உரிமையும் 2023 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்து ஜியோசினிமா பக்கம் போயிற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் 1.25 கோடிப் பேர் விலகினார்கள். 6.13 கோடியாக இருந்தது 4.04 கோடி ஆனது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

பதிலடியாக அந்த வருட ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் ஹாட்ஸ்டார் போனில் இலவசமாக விட்டது. நவம்பர் 19 இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்கிய பொறியாளர்களுக்கு என் வணக்கம். ஆனால் டேட்டா விற்காத ஒரு நிறுவனம் இலவசம் கொடுப்பது வேறு விஷயம். அன்று இரவும் பூஸ்டர் விற்ற காசு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கே போனது.

விடாத வீடுகள்

போனவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். என்னை உறுத்தியது மிச்சம் நின்ற நான்கு கோடி. அவர்கள் ஏன் நின்றார்கள்?

காந்தி நகரில் எனக்குச் சித்தி முறையான ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கிரிக்கெட்டில் யார் பந்து போடுகிறார், யார் அடிக்கிறார் என்றுகூடத் தெரியாது. காலையில் காபி போட்டுக் குடித்ததும் போனை எடுத்துக் குளிர்பெட்டி மேல் வைத்து, இரவு டிவியில் வரவேண்டிய சீரியலை அப்போதே பார்த்துவிடுவார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் "இன்னிக்கி இன்னா நடக்கும் தெரியுமா?" என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. டிவிக்கு முன்னாலேயே சீரியலைக் காட்டும் இந்த ஏற்பாட்டை ஹாட்ஸ்டார் 2019இலேயே வருடத்துக்கு 365 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. என் கணிப்பில் அந்த நிறுவனம் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். திருவிழாக் கூட்டத்தை வைத்துக்கொண்டிருந்த ஐந்து வருடங்களில் சித்தியைப் போன்றவர்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்திருக்க வேண்டும். சீரியல் தினமும் வருகிறது, ஏலத்துக்கு வருவதில்லை, சொந்த அலைவரிசையில் விளைகிறது. விளம்பரமெல்லாம் கிரிக்கெட்டுக்கே போனது, சித்தியிடம் யாரும் பேசவில்லை.

நெட்ஃபிளிக்ஸின் பாதை வேறு. 2016 ஜனவரியில் மாதம் 500 ரூபாய் என்று வந்தது. எங்கள் ஊரில் கேபிளுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. 2019 ஜூலையில் போனுக்கு மட்டும் 199 ரூபாய், 2021 டிசம்பரில் அதுவும் 149. ஏலத்தில் இறங்காமல் ஒதுங்கி நின்றதால் அடியும் படவில்லை. ஆனாலும் 2023 ஆகஸ்டில் ஜியோவின் 1,099 ரூபாய் ப்ரீபெய்டு திட்டத்துக்குள் அதுவும் வந்து உட்கார்ந்தது. உலகத்தின் பெரிய ஓடிடி நிறுவனமே ரீசார்ஜ் கவுண்டருக்கு வர வேண்டியிருந்தது என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன்.

இணைப்பு

ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் இலவசமாகக் கொடுத்தால் இருவருக்கும் நஷ்டம். 2024 பிப்ரவரி 28இல் ரிலையன்ஸும் டிஸ்னியும் இணைப்பை அறிவித்தன. ஆகஸ்டில், இப்படிப்பட்ட இணைப்புகளைப் பரிசீலிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் சில நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தது, நவம்பர் 14இல் இணைப்பு முடிந்தது. மதிப்பு 70,352 கோடி. வளர்ச்சிக்காக ரிலையன்ஸ் போட்டது 11,500 கோடி. பங்குகளில் ரிலையன்ஸுக்கு நேரடியாக 16.34 சதவீதம், வயாகாம்18க்கு 46.82, டிஸ்னிக்கு 36.84. துணைத் தலைவர் நாற்காலியில் உதய் சங்கர். 2025 பிப்ரவரி 14இல் இரண்டு செயலிகளும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது.

அடுத்த மாதமே ஐபிஎல். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பார்த்தால் காசு கேட்டது. கூடவே ஓர் அறிவிப்பு: 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ஜியோ ரீசார்ஜ் செய்தால் 90 நாளுக்கு ஜியோஹாட்ஸ்டார் சேர்ந்து வரும். அந்த 299 எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். 28 நாளைக்குத் தினம் ஒன்றரை ஜிபி கொடுக்கும் ஜியோ திட்டம் 2024 ஜூலை வரை 239 ரூபாய். ஜூலை 3 முதல் அது 299 ஆனது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அதே வாரத்தில் ஏற்றின. மேல்விஷாரத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, தன் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார் என்றும், வீட்டில் மூன்று போனுக்கும் சேர்த்து 28 நாளுக்கு ஒருமுறை 180 ரூபாய் கூடுதலாகப் போகிறது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: "இதுல மேட்ச்சுக்கு எவ்வளவு சார், டேட்டாவுக்கு எவ்வளவு?"

பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். விலையைப் பிரித்துப் பார்க்க முடியாதபோது வாடிக்கையாளர் எதை எதோடு ஒப்பிடுவார்? அந்த அம்மா சீரியல் வேண்டாம், மேட்ச் வேண்டாம், மகளிடம் பேச மட்டும் போதும் என்று நினைத்தால், பேச மட்டுமான திட்டங்களும் 2025 ஜனவரியில் வந்துவிட்டன என்று கவுண்டரில் யார் அவருக்கு எடுத்துச் சொல்வார்கள்? போட்டி ஆணையம் கிரிக்கெட் விளம்பரங்களின் விலையைப் பற்றிக் கவலைப்பட்டது. அது சரியான கவலைதான். ரீசார்ஜ் கவுண்டரில் நிற்கிற அம்மாவைப் பற்றியும் யாராவது அதே அளவு கவலைப்பட வேண்டும்.

கம்பியைக் கையில் வைத்திருப்பவர்

தோட்டப்பாளையம் பக்கம் கேபிள் தொழில் செய்கிற ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். சன் டிவி வந்த 1993இல் அவர் அப்பா மொட்டை மாடியில் குடை ஆன்டெனா வைத்துத் தொடங்கியது. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது அசைந்தார்கள், விழவில்லை. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண முறை மாறி, வீடு வீடாக எந்தச் சேனல் வேண்டும் என்று பேப்பர் எடுத்துக்கொண்டு அலைந்தார்கள், அப்போதும் விழவில்லை. அவரை அசைத்தது லாட்ஜுகள்.

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தத் தெருக்களில் கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள். அவர்களுக்காக அறைக்கு அறை வங்காளச் சேனல் கட்டு போட்டுக் கொடுத்தது அவருக்கு நல்ல வரும்படி. ஒவ்வொரு லாட்ஜாக அது நின்றது. "வைஃபை குடுத்தா போதும்ணா, அவங்க போன்லயே பாத்துக்கறாங்க" என்று மேனேஜர்கள் சொல்லிவிட்டார்கள். அவருடைய வசூல் நோட்டில் அந்தப் பக்கங்களை எனக்குக் காட்டினார். லாட்ஜ் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'கட்', 'கட்', 'கட்'.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிஎஸ்என்எல் பைபர் இணைப்புக்கு உள்ளூர்ப் பங்காளியாகச் சேர்ந்தார். கம்பி இழுப்பது, பழுது பார்ப்பது இவர், வசூலில் இவருக்குப் பங்கு. ஒருநாள் கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்பிளைசிங், அதாவது இழைகளை ஒட்டும் வேலை, செய்துகொண்டிருந்தார். முடியை விட மெல்லிய கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கிளீவரில் வைத்து வெட்டி, மிஷினுக்குள் இரண்டு பக்கமும் வைத்து மூடினார். ஒரு சின்னப் பொறி. பிறகு இழையில் வரும் ஒளியின் அளவைச் சொல்லும் பவர் மீட்டரைச் சொருகிக் காட்டினார். "மைனஸ் இருபத்தொண்ணு சார், நல்லாகீது. இருபத்தேழைத் தாண்டிச்சுன்னா ரூட்டர்ல செவப்பு லைட்டு எரியும், ஊட்டம்மா போன் பண்ணிடும்." ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டம்மா யாருக்குப் போன் பண்ணுவார் என்பதுதான் அவருடைய சொத்து. எந்தச் செயலிக்கும் அது கிடையாது.

இப்போது அவர் முன்னால் ஒரு முடிவு நிற்கிறது. ஒரு பெரிய நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட வந்திருக்கிறது. இணைப்புக்கு இவ்வளவு என்று முன்பணம், ஓடிடி கட்டு சேர்த்த பிளான், விளம்பரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கம்பியும் ஏணியும் இவருடையது. ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, "சார், நீங்க படிச்சவர், கையெழுத்து போடலாமா சொல்லுங்க" என்றார்.

மூன்று பக்கம் தள்ளி ஒரு வரி இருந்தது. வாடிக்கையாளரின் பெயர், நம்பர், பணம் கட்டுவது எல்லாம் நிறுவனத்தின் செயலி வழியே. நேரடி வசூல் கிடையாது. அதை அடிக்கோடிட்டேன். ஹாட்ஸ்டார் கதையை அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்: ஆறு கோடிப் பேரில் கணிசமானவர்கள் அடுத்தவர் கவுண்டரில் சேர்ந்தவர்கள், அந்தக் கவுண்டர் திரும்பியதும் என்ன நடந்தது என்று. பிஎஸ்என்எல் பங்கில் வருவது குறைவுதான், புகார் போட்டால் மேலே ஆள் வருவது தாமதம்தான். ஆனால் வீட்டு வாசலில் பணம் வாங்குவது அவர் கை. வசூல் தன்னிடம் இருக்கட்டும், ஓடிடி கட்டை மட்டும் தனியாக விற்றுத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவனுங்க ஒத்துக்க மாட்டானுங்க சார். நான் போடலன்னா பக்கத்துத் தெருக்காரன் போட்டுடுவான்" என்றார். அதுவும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒப்பந்தத் தாளை நான்காக மடித்து வசூல் நோட்டுக்குள் செருகிக்கொண்டார். அன்று ஐந்தாம் தேதி, வசூல் நாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாட்ஜ் தெருப் பக்கம் போனார்.